மாற்று மூட்டில் சீழ்: தீர்ந்தபின் வாழும் வாழ்க்கை

 

கழுகுமலைப் பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்களை வணங்கச் சென்றவர்கள் அந்தப் பக்கத்து மண்ணைக் கண்டிருப்பார்கள். மழை பெய்தால் காலைப் பற்றிக்கொள்ளும் கரிசல். மழை பொய்த்தால் வெடித்துக் கிடக்கும் கரிசல். அதற்கு வடக்கே, சாத்தூருக்குத் தென்மேற்கே உள்ளது ஏழாயிரம்பண்ணை. ஒரு காலத்தில் பாளையமாக இருந்த ஊர். இன்று அந்த வட்டாரத்து மக்களுக்குச் சோறு போடுவது தீப்பெட்டியும் பட்டாசும். அங்கே வேலை என்பது பெரும்பாலும் தரையில் நடப்பது. சரவெடி பின்னுவதும் தாளைக் குழலாகச் சுற்றுவதும் தீப்பெட்டி ஒட்டுவதும் தரையில் அமர்ந்தே செய்யப்படுகின்றன. சமைப்பது, உண்பது, உறங்குவது, கழிப்பறைக்குச் செல்வது என எஞ்சிய வாழ்வும் தரையோடுதான்.

அந்த ஊரில் அறுபத்தைந்து வயதுத் தாயார் ஒருவரை எண்ணிப் பாருங்கள். எடுத்துக்காட்டுக்காக எண்ணிக்கொள்ளும் ஒருவரே அவர். முற்றத்தில் வழுக்கி விழுகிறார். தொடை எலும்பின் கழுத்து முறிகிறது. பிள்ளைகள் மதுரைக்குக் கொண்டு செல்கிறார்கள். செயற்கை மூட்டுப் பொருத்தப்படுகிறது. மூன்றாம் மாதம் கைத்தடியோடு நடக்கிறார், ஊரே வியக்கிறது. எட்டாம் மாதம் தொடையில் வலி தொடங்குகிறது. தழும்பின் ஓரத்தில் ஒரு சிறு கொப்புளம். அது உடைந்து ஈரம் கசிகிறது. மஞ்சளும் வேப்பிலையும் வைத்துப் பார்க்கிறார்கள். மருந்துக்கடையில் ஐந்து நாள் மாத்திரை வாங்குகிறார்கள். கசிவு நிற்கிறது, மீண்டும் வருகிறது. அதன்பின் ஓராண்டு, இரண்டு அறுவைகள், மாதக்கணக்கில் மருந்து. இறுதியில் மருத்துவர், "சீழ் அறவே நீங்கிவிட்டது, இனி அச்சமில்லை" என்று கூறி வீட்டுக்கு அனுப்புகிறார்.

அந்தச் சொல் உண்மையானது. அதற்குப் பின்னால் பெரும் உழைப்பு இருக்கிறது. எனினும் வீடு திரும்பிய அந்தத் தாயார் எங்கே உட்காருவார்? எதைச் செய்வார்? விருந்தினர் வந்தால் எழுந்து சென்று வரவேற்க முடியுமா? கழிப்பறைக்குப் பிறர் துணையின்றிச் செல்ல முடியுமா? நோய் தீர்ந்ததா என்பதும் வாழ்வு திரும்பியதா என்பதும் வெவ்வேறு கேள்விகள். இன்றைய உரை இரண்டாம் கேள்வியைப் பற்றியது.

நோயின் தன்மையை முதலில் சுருக்கமாக அறிந்துகொள்வது நல்லது. இடுப்பு மூட்டு என்று மருத்துவர் சொல்வது முதுகின் கீழ்ப்பகுதியை அன்று. தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்பெலும்பின் குழியில் பொருந்துமிடத்தை. அதற்கு மாற்றாக நிலைத்து உழைக்கும் செயற்கை மூட்டை அமைத்துத் தந்தவர் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் சார்ன்லி. அவர் 1958 முதல் பயன்படுத்திய டெஃப்லான் கிண்ணங்கள் சில ஆண்டுகளில் தேய்ந்தழிந்தன. 1962இல் உறுதியான பாலிஎதிலீனுக்கு மாறிய பின்னரே வெற்றி கைகூடியது. ஆனால் தேய்மானத்தைக் காட்டிலும் அவரை வாட்டிய பகை வேறு. தொடக்கக் காலத்தில் அவருடைய நோயாளிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேருக்கு மூட்டில் சீழ் வைத்தது. அறுவைக் கூடத்தின் காற்றையே வடிகட்டி, அறுவை செய்வோர் உடலை முழுதும் மூடும் அங்கி அணியும்படி செய்து, அந்த அளவை அவர் ஏறக்குறைய 1 என்ற நிலைக்குக் கொண்டுவந்தார். இன்றும் நல்ல மருத்துவமனைகளில் அது நூற்றுக்கு 1 அல்லது 2 என்றே நிற்கிறது. நூற்றில் ஒருவர் என்பது சிறு எண்தான். அந்த ஒருவராக இருப்பவருக்கு அது சிறிதன்று.

உயிருள்ள எலும்பில் இரத்தம் ஓடுகிறது, உலோகத்தில் ஓடுவதில்லை. தோலில் இயல்பாகவே வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற நுண்ணுயிர்கள் உலோகத்தின்மீது ஒட்டிக்கொண்டால், தம்மைச் சுற்றிக் குளத்துப் பாசி போன்ற வழவழப்பான படலத்தை நெய்துகொள்கின்றன. அப்படலத்துக்குள் உடலின் காவற்படையும் எளிதில் நுழையாது. மருந்தும் போதிய அளவு செல்லாது. ஆதலால்தான் ஐந்து நாள் மாத்திரையில் கசிவு நின்று பின்னர் மீள்கிறது. அந்த ஐந்து நாள் மாத்திரை இன்னொரு தீங்கும் செய்கிறது. மூட்டிலிருந்து நீரெடுத்து எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும்போது, அரைகுறையாக மருந்துண்ட கிருமி வளராமல் ஒளிந்துகொள்கிறது. பெயர் தெரியாத பகையோடு போரிட வேண்டியதாகிறது. மூட்டு மாற்றிக்கொண்டவரின் தழும்பில் கசிவு கண்டால், மருந்துக்கடைக்கு முன் அறுவை செய்த மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

அறுவைக்குப் பின் சில வாரங்களிலேயே கண்டறிந்தால் மூட்டை எடுக்காமல் கழுவித் தூய்மை செய்து காக்க முடியும். காலம் கடந்தால் மூட்டை எடுத்தாக வேண்டும். ஒரே அறுவையில் பழையதை எடுத்துப் புதியதைப் பொருத்துவது ஒரு முறை. முதலில் எடுத்துவிட்டு, மருந்து கலந்த சிமெண்டால் ஆன தற்காலிக மூட்டை வைத்து, சில வாரங்களோ மாதங்களோ கழித்துப் புதியதைப் பொருத்துவது மற்றொரு முறை. இவை இரண்டையும் ஒப்பிட்டுப் பிரிட்டனிலும் சுவீடனிலும் 140 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2022இல் வெளிவந்தது. ஒன்றரை ஆண்டு கழித்து இரு சாராரின் வலியும் இயக்கமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. ஆயினும் மூன்றாம் மாதத்தில் ஒரே அறுவை பெற்றோர் மேலான நிலையில் இருந்தனர். முடிவு ஒன்றே எனினும் வழியில் படும் துன்பம் ஒன்றன்று. எந்த நோயாளிக்கு எம்முறை பொருந்தும் என்பது கிருமியையும் எலும்பின் நிலையையும் பொறுத்தது, ஆனால் "ஒரே அறுவையில் முடியுமா?" என்று கேட்பது பிழையாகாது.

மருந்திலும் அவ்வாறே. எலும்புச் சீழுக்கு ஆறு வாரம் ஊசிவழியே மருந்து ஏற்றுவதுதான் நெடுங்கால வழக்கம். பிரிட்டனில் 1054 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வு, முதல் ஒரு வாரத்துக்குப் பின் தக்க மாத்திரைகளுக்கு மாறினாலும் பலன் குறைவதில்லை என்று காட்டியது. ஏழாயிரம்பண்ணைத் தாயாருக்கு இதன் பொருள் என்ன? ஆறு வாரம் மதுரையில் ஊசிக்குழாயோடு கிடப்பதா, தம் வீட்டில் தம் மக்களிடையே மருந்துண்பதா என்பதே. உடனிருக்கும் மகளின் ஆறு வாரக் கூலியும் அதில் அடங்கும்.

நோயின் நடுவே மனம் படும் பாட்டை அளவைகளால் மட்டும் அறிய முடியாது. பிரிஸ்டல் நகர ஆய்வாளர்கள், இடுப்பு மாற்று மூட்டில் சீழ் வைத்துச் சிகிச்சை பெற்ற 19 பேரை நேரில் கண்டு அவர்கள் சொன்னவற்றைத் திரட்டி 2015இல் வெளியிட்டனர். வலி, நாற்றம், கசிவு ஆகியவற்றோடு அவர்கள் சொன்னவை வேறு பல. என்ன நோய் என்று தெரியாமல் அலைந்த நாள்கள். இரண்டு அறுவைக்கும் இடையே மூட்டின்றிப் படுக்கையில் கிடந்த மாதங்கள். பிறர் கையை எதிர்பார்த்தே வாழ வேண்டிய நாணம். நம்பிக்கை அற்றுப்போன இரவுகள். உடலுக்குக் கிடைத்த கவனம் மனத்துக்குக் கிடைக்கவில்லை என்பது அவர்களுடைய குறை.

தமிழ் வீடுகளில் இந்தக் குறை வேறு வடிவம் கொள்கிறது. இங்கே ஆள்துணைக்குக் குறைவில்லை. கேட்கும் செவிக்குத்தான் குறைவு. "உயிர் பிழைத்ததே பெரிது, இதற்குமேல் என்ன வேண்டும்?" என்று அன்பினால்தான் சொல்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டபின் முதியவர் தம் துயரை வாய்திறந்து சொல்வதில்லை. "பரவாயில்லை, நன்றாக இருக்கிறேன்" என்பார். நாளடைவில் நீர் அருந்துவதையே குறைத்துக்கொள்வார். அடிக்கடி எழ வேண்டாமே என்பது அவர் கணக்கு. அதனால் சிறுநீர்த் தொற்று வரும். சிறுநீரிலோ பல்லிலோ காற்புண்ணிலோ தோன்றும் கிருமி இரத்தத்தின் வழியே மாற்று மூட்டைச் சென்றடைவதும் உண்டு. நாணத்தினால் குடிக்காமல் விட்ட ஒரு குவளை நீர் அவ்வளவு தொலைவு செல்கிறது.

வாழ்வின் தரத்தை மருத்துவ உலகம் அளக்கத்தான் செய்கிறது. வில்லியம் ஹாரிஸ் என்னும் அமெரிக்க அறுவை வல்லுநர் 1969இல் வகுத்த மதிப்பெண் முறை இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. மொத்தம் 100, அதில் வலியின்மைக்கு மட்டும் 44. எஞ்சியவற்றில் எவ்வளவு தொலைவு நடக்கிறார், படி ஏறுகிறாரா, நாற்காலியில் எவ்வளவு நேரம் அமர்கிறார், பேருந்தில் ஏறுகிறாரா, காலுறையும் காலணியும் தாமே அணிகிறாரா என்பன வருகின்றன. வாழ்நாளில் காலுறையே அணியாத ஏழாயிரம்பண்ணைத் தாயார் இந்தத் தேர்வில் எத்தனை மதிப்பெண் பெறுவார் என்பது சுவையான கேள்வி. சம்மணமிட்டு அமர்கிறாரா, குந்தி எழுகிறாரா, கோலம் போடுகிறாரா என்ற வினாக்கள் அதில் இல்லை. நூற்றுக்குத் தொண்ணூறு பெற்ற ஒருவர் தம் வீட்டில் தம் வேலை ஒன்றையும் செய்ய இயலாதவராக இருக்கலாம்.

இதை நன்குணர்ந்த அறுவை வல்லுநர்கள் இந்தியாவிலேயே இருந்தனர். செயற்கை மூட்டு வருவதற்கு முன்பே, ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த கேதார்ன் கேர்டில்ஸ்டோன், சீழ் பிடித்த இடுப்பு மூட்டின் எலும்புத் தலையை அகற்றிவிட்டு அவ்விடத்தை வெறுமையாக விடும் அறுவையைச் செய்தார். அதைக் காசநோய் மூட்டுக்கு 1928இலும் சீழ் மூட்டுக்கு 1943இலும் அவர் விவரித்தார். மேலைநாடுகளில் அது இறுதிப் புகலிடம். வேறு வழியற்றபோது செய்வது. கால் சில செண்டிமீட்டர் குட்டையாகும், நடை அசைந்தாடும், தடி வேண்டும். ஆனால் வாரணாசியில் இந்துப் பல்கலைக்கழக மருத்துவர் டூலி, காசநோயாலும் சீழாலும் இடுப்பு மூட்டு அழிந்தோர்க்கு இதே அறுவையைச் செய்து 1981இல் எழுதியபோது வேறொன்றைக் கண்டார். அவ்வாறு செய்துகொண்டவர்களால் குந்த முடிந்தது. தரையில் சம்மணமிட முடிந்தது. குட்டைக் காலோடு நொண்டி நடந்தாலும் தரைவாழ்வு அவர்களுக்கு மீண்டது.

ஒருபுறம் நேராக நடக்கலாம், தரையில் அமரலாகாது. மறுபுறம் தரையில் அமரலாம், நேராக நடக்கலாகாது. இவற்றுள் எது மேலான வாழ்வு? நகரத்து அலுவலகத்தில் நாற்காலியில் அமர்பவர்க்கு ஒரு விடை. உழவர்க்கு ஒரு விடை. செயற்கை மூட்டை எடுத்தபின் செய்யும் கேர்டில்ஸ்டோன் அறுவை, இயற்கை மூட்டில் செய்வதைப்போல அத்துணை நற்பலன் தருவதில்லை என்பதையும் மறைக்கலாகாது. எலும்பும் தசையும் முன்னரே பெரிதும் இழக்கப்பட்டிருக்கும். ஆதலின் இயன்றவரை புதிய மூட்டே பொருத்தப்படுகிறது. இருப்பினும் மூன்றாவது முறையும் சீழ் வைத்து, மேலும் ஓர் அறுவையைத் தாங்கும் வலிமையற்ற முதியவர்க்கு, மூட்டில்லாத வாழ்வைத் தோல்வியென்று எண்ணி வருந்த வேண்டியதில்லை. அவ்வாறு வாழ்வோர் தம் சமையலைத் தாமே பார்த்துக்கொள்வதும், தடியூன்றித் தெருமுனை வரை சென்றுவருவதும் உண்டு. சீழும் காய்ச்சலும் இல்லாத உறக்கம் அவர்களுக்குப் பெரும்பேறு.

புதிய மூட்டுப் பெற்றவர் தரையில் அமரலாகாது என்று மருத்துவர் தடுப்பதற்குக் காரணம் உண்டு. இருமுறை மும்முறை அறுத்த இடத்தில் தசை தளர்ந்திருக்கும். முழங்கால் இடுப்புக்கு மேலே உயரும்படி தாழ்வான இடத்தில் குந்தும்போது உருண்டை கிண்ணத்தினின்று நழுவிவிடக்கூடும். ஒருமுறை நழுவினால் மறுமுறை நழுவுவது எளிது. எனவே மாற வேண்டியது வீடு.

இவ்விடத்தில் திருக்குறளின் மருந்து அதிகாரத்தை நினைவுகூர்தல் பொருந்தும். அதன் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு உறுப்புடையதாக வகுத்து, நோயாளி, மருத்துவர், மருந்து என்ற மூன்றோடு உழைச்செல்வானையும் சேர்க்கிறது. அருகிலிருந்து பணிசெய்பவரை மருந்துக்கு ஒப்பான உறுப்பாகவே எண்ணிய நூல் அது. அந்த நான்காமவர் செய்யத்தக்கவை எளியவை. பணமும் மிகுதியாகத் தேவைப்படாதவை. உட்கார்ந்தால் முழங்கால் இடுப்புக்குக் கீழே இருக்குமளவுக்கு உயரமான, கையுள்ள உறுதியான நாற்காலி ஒன்று. கழிப்பறையில் உயர்ந்த இருக்கையும் சுவரில் பிடிகம்பியும். நிலைப்படிக்கு முன்னால் சிறு சரிவு. இரவில் எரியும் ஒரு விளக்கு. தடியை நோயுற்ற காலின் பக்கத்தில் பிடிப்பதே பெரும்பாலோர் வழக்கம், அது தவறு. எதிர்க்கையில் பிடித்தால்தான் மூட்டின் சுமை குறையும். கால் குட்டையாயிருந்தால் செருப்பின் அடியை உயர்த்தித் தைத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் சில ஆண்டுகளில் முதுகு நோகும். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை அறுவைக்கு உதவும், கழிப்பறைக்கு உதவாது. அந்தச் சிறு செலவுக்கு உறவும் ஊரும் முன்வந்தால் அதுவும் மருத்துவ தானமே.

சமண இல்லங்களுக்கென்றே உரிய சில செய்திகளும் உள்ளன. கதிரவன் மறைந்தபின் உண்ணாத நோன்புடையவர்க்கு எட்டு மணிக்கு ஒருமுறை மருந்து என்றால் இடர்ப்பாடு தோன்றும். சிலர் இரவு மருந்தைத் தாமே விட்டுவிடுவதுண்டு. அது கிருமிக்குக் கொடுக்கும் இடைவெளி. நோன்பை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால், ஒரு வேளையோ இரு வேளையோ உண்ணத்தக்க மருந்து உள்ளதா என்று அவர் பார்க்க இயலும். கேப்ஸ்யூல் உறை பெரும்பாலும் விலங்குகளிடமிருந்து பெறும் ஜெலட்டினால் ஆனது. அதே மருந்து மாத்திரையாகக் கிடைக்கிறதா என்று கேட்கலாம். கிடைக்காவிடில் என்ன செய்வது என்பதை அறவோரிடமும் மருத்துவரிடமும் கலந்து முடிவு செய்யலாம். சொல்லாமல் நிறுத்துவதுதான் கூடாது. ரிஃபாம்பிசின் என்னும் மருந்து உண்பவர்க்குச் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். அதைக் குருதியென்று அஞ்சி மருந்தை விட வேண்டியதில்லை. புண் ஆறப் புரதம் வேண்டும். பருப்பும் பாலும் தயிரும் பயறும் போதிய அளவு உண்டால் அது நிறைவேறும்; அந்த மாதங்களில் நீண்ட உபவாசம் மேற்கொள்வது பற்றி மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

வழிபாட்டில் அமர இயலாமல் போனதே சிலருக்கு எல்லாவற்றினும் பெரிய துயர். ஐம்பதாண்டு பத்மாசனத்தில் அமர்ந்து சாமாயிகம் செய்தவர் இனி அவ்வாறு அமரலாகாது என்று கேட்கும்போது, ஏதோ ஒன்று அறுந்துபோனதாக உணர்கிறார். கழுகுமலைப் பாறையை மீண்டும் நினைத்துப் பார்க்கலாம். அங்கே அமர்ந்த திருவுருவங்களோடு நின்ற திருவுருவங்களும் உள்ளன. பாகுபலி நின்றே தவம் செய்தார். காயோத்சர்க்கம் அமர்வைப் போன்றே தொன்மையான நிலை. நிற்கவும் இயலாதவர் உயர்ந்த இருக்கையில் நிமிர்ந்திருந்து தம் மந்திரத்தைச் சொல்லலாம். கோயில்களில் சுவரோரமாக நான்கு நாற்காலிகள் இடப்பட்டால், வீட்டோடு முடங்கிய சிலர் திருவிழாவுக்கு வரத் துணிவார்கள்.

சுவீடனில் இத்தகைய நோயாளிகளைப் பத்தாண்டு பின்தொடர்ந்து பார்த்தனர். சீழ் வைக்காத மூட்டுடையோரைவிட அவர்களின் வாழ்க்கைத் தரம் குறைந்தே இருந்தது. நடைத்துணை தேவைப்பட்டோர் மிகுதி. ஆகவே முன்போலவே ஆகிவிடும் என்று முதியவரிடம் பொய் சொல்ல வேண்டாம். எது மீளும், எது மீளாது என்று உண்மையைச் சொல்லிவிட்டு, அவர் மிகவும் விரும்பும் ஒன்றை அவரிடமே கேட்க வேண்டும். ஒருவர் பேரனைப் பள்ளி வாயில் வரை கொண்டுவிட விரும்புவார். ஒருவர் தம் கையால் தோசை வார்க்க விரும்புவார். அடுப்பு மேடையருகே உயரமான முக்காலியில் அமர்ந்து தோசை வார்க்கலாம். ஏழாயிரம்பண்ணைத் தாயார் மீண்டும் சரம் பின்ன விரும்பினால், வேலையைத் தரையிலிருந்து மேசைக்கு உயர்த்த முடியுமா என்று முதலாளியைக் கேட்க வேண்டும். மேசைமேல் வைத்தாலும் பின்னும் விரல்கள் அவைதாமே!

இறுதியாக ஒரு சிறு வேலை. மூட்டுப் பொருத்திய நாள், மூட்டின் வகை, வளர்ந்த கிருமியின் பெயர், அதற்குப் பயன்பட்ட மருந்து, அது எந்த நாள் முதல் எந்த நாள் வரை, ஒவ்வாத மருந்து ஏதேனும் உண்டா என இவற்றை ஒரு தாளில் எழுதிக் குடும்ப அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். பத்தாண்டு கழித்துத் தொடையில் மீண்டும் ஒரு வலி தோன்றினால், அன்று பார்க்கப்போகும் மருத்துவர் வேறொருவராக இருப்பார். அவர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.